கூடையைத் தூக்கும் காட்சி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அவல் கொண்டுவந்தவள் வண்ணார்பேட்டை வடிவம்மாள். வெயில் ஏறுமுன் வந்துவிடுவாள். பெட்டியை இறக்கும்போது அவலில் இன்னும் சூடு இருக்கும். என் மனைவி சாலோமி ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் அளக்கவே விடுவாள். இரண்டு பேரும் அடுக்களை வாசலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும்.

வடிவம்மாளின் புருஷன் குற்றாலலிங்கம், வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவர். கோயில்களில் கொடை விழா நடக்கிற மாதங்களில் ஊர் ஊராகப் போவார். மற்ற மாதங்களில் பெண்டாட்டியோடு சேர்ந்து அவல் இடிப்பார். நனைத்த நெல்லை மண் ஓட்டில் வறுத்து, சூடு ஆறுமுன் உரலில் போட்டு, ஆளுக்கொரு உலக்கையாக மாற்றி மாற்றிப் போடவேண்டும். ஒருவர் கை தப்பினால் மற்றவர் உலக்கையில் இடிபடும். அவர்கள் வீட்டில் அப்படி ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. உலகம்மாள் என்று பெயர். சாலோமி அதற்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள்.

ஜெர்மனியோடு நடந்த பெரிய சண்டை முடிகிற வருஷத்துத் தை மாதத்தில், மதராசிலிருந்து ஒரு கம்பெனி படம் பிடிக்க வந்தது. அதுவரை ரயிலடிப் பொட்டலில் கூடாரம் போட்டுக் காட்டிய பயாஸ்கோப்பைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். படம் எங்கேயோ சீமையில் தானாக விளைகிறது என்பது போலத்தான் எங்கள் நினைப்பு. அதைப் பிடிப்பதற்கு இத்தனை பேர் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலாளியும் டைரக்டரும் ஒருவரே, அப்பாத்துரை என்பவர். முன்பு நாடகக் கம்பெனி நடத்தியவர். யார் எங்கே நிற்பது, எப்போது அழுவது என்று சொல்வது அவர் வேலை. காமிராவைக் கவனித்தவர் ஞானசம்பந்தன். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர், நெஞ்சுச் சளிக்காரர். வெள்ளைத் துணி கட்டிய தட்டிகளைச் சாய்த்துப் பிடித்து, நிழல் விழுந்த முகத்தில் வெயிலை அடிக்க நாலைந்து இளவட்டங்கள். ராணி வேஷத்துக்குத் தாணுமாலையன் என்ற ஸ்திரீபார்ட் நடிகர். பெண்கள் யாரும் நடிக்க வரமாட்டார்கள். சவரம் செய்த நீலத்தாடையில் மஞ்சள் அரிதாரத்தை அப்பிக்கொண்டு, ஆற்றங்கரை மருதமரத்தடியில் காலை அகட்டி உட்கார்ந்து சுருட்டுக் குடிப்பார். படித்துறைக்கு வருகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

அவர்களுக்குத் தமிழ் எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. பேசாத படம் அல்லவா, காட்சிக்குக் காட்சி கதையைச் சொல்லும் வாசக அட்டை வேண்டும். கறுப்புப் பலகையில் வெள்ளை மையால் எழுதி, அதையும் படம் பிடித்து இடையில் ஒட்டுவார்கள். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று யாரோ சொல்லியனுப்பினார்கள். சனிக்கிழமைகளில் போனேன்.

குற்றாலலிங்கம் காமிராவை நிறுத்தும் முக்காலியைச் சுமக்கப் போனவர். அவர் கண் அந்தக் காமிராப் பெட்டியை விட்டு அகலவில்லை. ஞானசம்பந்தன் கைப்பிடியைச் சுற்றும்போது இவர் விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஞானசம்பந்தன் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன ஓய், நான் சுத்தறது உமக்குப் பாட்டா இருக்கா?"

"பாட்டு இல்லைய்யா. நடை. நீங்க ஒரே நடையில போறிய. ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல."

"அதுதான் வேலையே. நொடிக்கு ரெண்டு சுத்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மெதுவாச் சுத்தினா படத்துல ஆள் ஓடுவான். வேகமாச் சுத்தினா படத்துல ஆள் நகரமாட்டான், பிலிமும் சீக்கிரம் தீந்துடும்."

"சுத்துக்கும் படத்துக்கும் எதுக்குய்யா தலைகீழா இருக்கு?"

"அது அப்படித்தான்."

வெறும்பெட்டியைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். ஞானசம்பந்தன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "உம்ம கை கல்லு மாதிரி இருக்கு ஓய்" என்றார். அன்றிலிருந்து, ஞானசம்பந்தன் குளிர்காய்ச்சலில் படுக்கிற நாட்களில் குற்றாலலிங்கம்தான் சுற்றினார். பெட்டியை நிறுத்தும் இடத்தை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போய் அவர் படுத்துக்கொள்வார். எங்கள் வீட்டு வாசலில் நின்று வடிவம்மாள், "அவுகளுக்கு இப்பம் சோறு தண்ணி எதுவும் வேண்டாம்க்கா. கஞ்சி குடிக்கும்போதும் கை சுத்துது" என்று சாலோமியிடம் சொல்லிச் சிரித்தாள்.

கதையில் ராணி ஒருத்தி, பகைவருக்குப் பயந்து கைக்குழந்தையைக் கூடையில் வைத்து ஆற்றில் விடுகிறாள். கீழே ஒரு குடியானவன் எடுத்து வளர்க்கிறான். அதற்கு ஒரு பிள்ளை தேவைப்பட்டது. அப்பாத்துரை வண்ணார்பேட்டையில் கேட்காத வீடில்லை. எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் குற்றாலலிங்கம் வீட்டுக்கு வந்தார். நானும் கூட இருந்தேன்.

வடிவம்மாள் அவலைப் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"பிள்ளையை ஆத்துல விடுததுக்கா கேக்கிய? ஒரு பொம்மையச் செஞ்சு விடவேண்டியதுதான."

"பொம்மை கைகாலை ஆட்டாதேம்மா. ஜனங்க சிரிப்பாங்க. முழங்கால் தண்ணிதான். கூடைக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிப்பான்."

"ஆள் நிக்கட்டும். எங்க பிள்ளை பொட்டப்பிள்ளையில்லா? உங்க ராணி பெத்தது ஆம்பிளைப்பிள்ளை."

"துணியைச் சுத்திட்டா யாருக்குத் தெரியும்? ராணியே ஆம்பிளைதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவர் உரலில் இருந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கேருங்க, நீங்க என்ன சொல்லுதிய?"

"நான் என்னத்தச் சொல்ல. நான்தான சுத்தப்போறேன். என் கண்ணு முன்னாலதான இருக்கப்போறா."

"சரின்னு சொல்லத்தான் நிக்கிய. அது தெரியுதுலா." சுளகைக் கீழே வைத்தாள். "மொதலாளி, நான் ஒண்ணு கேப்பேன். எங்கய்யா வில்லுல முன்பாட்டுப் பாடுத அண்ணாவி. கதையில சாவோ பிரிவோ வந்துட்டா, அங்கன பாட்ட நிறுத்தமாட்டாக. மழை கொட்டுனாலும் சரி, நல்லது வார வரைக்கும் பாடித்தான் வில்லடிக்குத கோலைக் கீழ வைப்பாக. நடுவுல நிறுத்துனா அந்தக் கெட்டது வீட்டுக்குள்ள வந்துரும். எம்பிள்ளைய ஆத்துல விடுதத மட்டும் பிடிச்சுட்டு மிச்சத்த நாளைக்குப் பாப்போம்னு சொல்லப்பிடாது. விட்ட கையோட எடுக்கணும். எடுத்துத் தூக்குதது வரைக்கும் ஒரே சுத்துல அந்தப் பெட்டிக்குள்ள விழணும்."

அப்பாத்துரை யோசித்தார். ரெண்டு சீனையும் ஒன்றாக்கினால் பிலிம் மிச்சம். சண்டை காரணமாகச் சீமையிலிருந்து பிலிம் வருவது நின்றுபோயிருந்தது.

"அப்படியே செய்றோம்மா."

மாசி மாதம் ஒரு காலையில், வண்ணார்பேட்டைக்கு மேற்கே மணல்திட்டில் அதைப் பிடித்தார்கள். ஆறு கண்ணாடி மாதிரி கிடந்தது. ஞானசம்பந்தன் போர்வையோடு வந்து, பெட்டிக்குள் இருக்கிற பிலிம் நிதானமாகச் சுற்றினால் காட்சி முழுவதுக்கும் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும், சுற்றுவதில் மட்டும் கவனம் என்று சொல்லிவிட்டுச் சத்திரத்துக்குப் போய்விட்டார். தண்ணீர் ஏறாமலிருக்கக் கூடைக்கு அடியில் குங்கிலியம் பூசியிருந்தார்கள். வில்லுக் குழுவில் உடுக்கை வாசிக்கிற கருத்தையா, ஒட்டுத்தாடியுடன் குடியானவனாகக் கீழே தண்ணீரில் நின்றான். தாணுமாலையனுக்கு வெளிர்நீலச் சேலை. சிவப்பு உடுத்தினால் படத்தில் கறுப்பாக விழும் என்பதால் அவருக்குப் பிரியமான சிவப்புச் சேலையைத் தடுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் அவருக்கு.

"விதவை மாதிரி இருக்கேன்வே" என்றார் என்னிடம்.

"ராணிக்கும் கஷ்டகாலந்தான" என்றேன்.

"கஷ்டகாலம்னா ஒரு விருத்தமாவது பாடணும்லா? வாயை மூடிட்டு அழுன்னா எப்படி அழ? எனக்குப் பாட்டு இல்லாமக் கண்ணீரு வராது."

"பாடிக்கோ" என்றார் அப்பாத்துரை. "பெட்டிக்குக் காது கிடையாது."

வெறும்கூடையை விட்டு இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். தாணுமாலையன் அப்போது பாடவில்லை, தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டார். பிறகு வடிவம்மாள் பிள்ளைக்குப் பால் கொடுத்து, கூடைக்குள் தானே படுக்கவைத்துவிட்டு, கருத்தையா நிற்கிற இடத்துக்கு நேரே கரையில் போய் நின்றுகொண்டாள்.

அப்பாத்துரை கையைக் காட்டினார். குற்றாலலிங்கம் சுற்ற ஆரம்பித்தார். தாணுமாலையன் கூடையைத் தண்ணீரில் வைத்தார். அவர் வாயிலிருந்து பாட்டு எழுந்தது.

என்ன குரல் அது. சுருட்டுக் குடித்துக் கிடந்த மனுஷன் காணாமல் போய்விட்டார். கூடை நகர நகரப் பாட்டு ஏறிற்று. ஒரு அடிக்கும் மறு அடிக்கும் இடைவெளி குறைந்து, மூச்சு வாங்காமல் கொட்டியது. தட்டி பிடித்த பையன்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம்மாள் ஒரு கையை மேலே நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்தாள். கூடை கருத்தையாவிடம் போய்ச் சேர்ந்தது. அவன் இரண்டு கையாலும் தூக்கினான். பிள்ளை அவன் ஒட்டுத்தாடியைப் பிடித்து இழுத்துவிட்டுக் கிளுக்கென்று சிரித்தது. கரையில் எல்லோரும் சிரித்தார்கள். வடிவம்மாள் முழங்கால் நனைய ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள்.

"எல்லாம் விழுந்துதா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"விழுந்துட்டு" என்றார் குற்றாலலிங்கம்.

மத்தியானம் கரையில் எல்லோருக்கும் அவலும் கருப்பட்டியும் கொடுத்தார்கள். குற்றாலலிங்கம் சாப்பிடவில்லை. என்னை மருதமரத்துக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"வாத்தியாரய்யா, தூக்குனது விழலை."

"என்னவே சொல்லுதீரு?"

"பாதியிலேயே பெட்டிக்குள்ள சத்தம் லேசாயிட்டு. பிலிமு தீந்துட்டு. கூடை பாதி ஆத்துல போகும்போதே. நான் வெறும்பெட்டியத்தான் சுத்திக்கிட்டு நின்னேன்."

"நிதானமாச் சுத்துனா போதும்னாரே."

"நிதானமாத்தான் ஆரம்பிச்சேன். தாணுமாலையன் பாட்ட ஏத்திட்டான். அண்ணாவி ஏத்துனா குடம் கூட ஏறணும். சின்ன வயசுலேர்ந்து பழகுன கை. ஏறுதுன்னே எனக்குத் தெரியலை." வலதுகையை இடதுகையால் பிடித்துக்கொண்டிருந்தார். "மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன். தூக்குதத மதராசுல போய்ப் பிலிமு கிடைச்சதும் பிடிச்சுக்கிடலாம்னு சொல்லுதாரு. அங்கன யார் பிள்ளையாவது கிடைக்குமாம்."

"வடிவுகிட்டச் சொல்லிரும்வே."

"சொல்லுதேன். பைய சொல்லுதேன்."

கம்பெனி போய்விட்டது. பங்குனி வந்தது, சித்திரைக் கொடைகள் வந்தன. அவர் சொல்லவில்லை. பிள்ளை தவழ்ந்தது, நின்றது, அவல் பெட்டிக்குள் விழுந்து எழுந்தது. அதற்குப் பிறகு அது ஒரு பெரிய விஷயமாக அவருக்கே தோன்றாமல் போயிருக்கும். எனக்கும் மறந்துதான் போயிற்று.

ஐப்பசியில், ஊர் ஊராக வாரிக்கொண்டுபோன அந்த விஷக்காய்ச்சல் வந்தது. எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவும் தப்பவில்லை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மழையும் நின்று பெய்தது. சாலோமி மூன்றாம் நாள் இறந்தாள். அவளை அடக்கம் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது, உலகம்மாளும் போய்விட்டாள் என்று கருத்தையா வந்து சொன்னான். நான் போகவில்லை. அவர்களும் என் வீட்டுக்கு வரவில்லை. யார் யாருக்குப் போவது என்றிருந்த காலம்.

தை பிறந்து நெல் வந்தபின் வடிவம்மாள் மறுபடியும் அவல் கொண்டுவந்தாள். சாலோமி உட்காருகிற இடத்துக்கு எதிரே, பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். நான் அளந்து வாங்கத் தெரியாமல் நின்றேன். அவளே அளந்து போட்டாள்.

"அக்கா முகம் போட்டோவுல இருக்கா வாத்தியாரய்யா?"

"இல்லம்மா."

"எனக்கு இருக்கு. அந்தப் படம் எப்பமாவது இங்கன வரும்லா? தாடியப் பிடிச்சு இழுத்துட்டுச் சிரிச்சாளே. அத ஒருக்கப் பாத்துட்டாப் போதும். முகம் இப்பமே கலங்கலாத்தான் வருது. அந்தச் சிரிப்ப நெனைச்சுத்தான் முகத்தக் கூட்டிக்கிடுதேன்."

இதைத்தான் அவள் தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். எம்பிள்ளை பெட்டிக்குள்ள சிரிச்சிட்டு இருக்கா என்று. குற்றாலலிங்கம் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போவதைக் கருத்தையா கவனித்து என்னிடம் சொன்னான்.

சித்திரையில் படம் வந்தது. ரயிலடிப் பொட்டலில் கூடாரம் போட்டு, மாட்டுவண்டியில் பறையடித்துத் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்தார்கள். நம்ம ஆத்தில் பிடித்த படம் என்று ஊரே கிளம்பியது. அன்று சாயங்காலக் காட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வடிவம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள். வாசக அட்டை என் எழுத்து, அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நான் போனபோது இருவரும் உரலருகே நின்றார்கள். ஓட்டில் வறுத்த நெல் ஆறிக்கொண்டிருந்தது. அவர் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டார்.

"வேண்டாம் வடிவு. கூட்டத்துல திரும்பவும் சீக்கு வரும்."

"வந்தா வரட்டும். இனி எனக்கு என்ன வரணும்."

"அதுல ஒண்ணும் இல்லைட்டி."

"என்ன இல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். அது அவர் சொல்லவேண்டியது.

"தூக்குதது விழலை. அதுக்கு முன்னாலயே பிலிமு தீந்துட்டு. கை ஓடிட்டு. பாட்டோடவே ஓடிட்டு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

வடிவம்மாள் ஓட்டிலிருந்த நெல்லைக் கையால் ஒருமுறை துழாவினாள்.

"அப்பம் ஆத்துல விட்டதோட நிக்குதா?"

"மதராசுல வேற பிள்ளைய வச்சுத் தூக்குதத எடுத்திருக்காகளாம்."

"நான் எம்பிள்ளையக் கேட்டேன்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. அவள் ஓட்டு நெல்லைச் சுளகால் மூடினாள். பிறகு, "பொழுது சாயுது. சேலைய மாத்திட்டு வாரேன். வாத்தியாரய்யா நிக்காக" என்று உள்ளே போனாள்.

பாலத்தைத் தாண்டி ரயிலடிப் பொட்டலுக்குப் போனோம். கூடாரத்தில் மணலைக் குவித்துத் தரை போட்டிருந்தார்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவில் ஒரு கயிறு. அவள் கயிற்றை ஒட்டி உட்கார்ந்தாள், இந்தப் பக்கம் நாங்கள். திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு ஒருவர் நின்று கதை சொன்னார். தாணுமாலையன் வந்ததும், "இந்தா வாராக பாருங்க மகாராணி, நேத்துச் சாயந்திரம் சுருட்டுப் பத்தவைக்க எங்கிட்டத்தான் நெருப்புக் கேட்டாக" என்றார். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குற்றாலலிங்கம் தலையைக் குனிந்திருந்தார்.

ஆறு வந்தது. எங்கள் மணல்திட்டு, எங்கள் மருதமரம். ராணி கூடையைத் தண்ணீரில் வைத்தாள். முதலில் எல்லாம் சாதாரணமாகத்தான் நகர்ந்தது. பிறகு தண்ணீர் எண்ணெய் மாதிரி ஆயிற்று. ராணியின் முந்தானை காற்றில் எழுந்து, இறங்க மனமில்லாமல் நின்றது. கூடை நகர்கிறதா இல்லையா என்று தெரியாதபடி நகர்ந்தது. அதற்குள்ளிருந்து உலகம்மாளின் கை மெல்ல மேலே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. முகம் இந்தப் பக்கம் திரும்பிற்று. கதை சொல்லுகிறவர்கூடப் பேச்சை விட்டுவிட்டார்.

"ஏன் இப்படிப் பைய போகுது?" என்றாள் வடிவம்மாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் வெரசலாச் சுத்திட்டேன்லா. வெரசலாச் சுத்துனா படத்துல பைய போகும்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க ஒழுங்காச் சுத்தியிருந்தா?"

"சட்டுனு போயிருக்கும். தூக்குனதும் விழுந்திருக்கும்."

திரையில் கை இன்னும் நீண்டுகொண்டிருந்தது.

அடுத்து வந்தது என் அட்டை என்று நினைத்தேன், ஆனால் அதை மதராசில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். 'ஆற்றோடு வந்த குழந்தையை ஏழைக் குடியானவன் கண்டெடுத்தான்.' அவளுக்குப் படித்துச் சொன்னேன். பிறகு யாரோ ஒரு குடியானவன், ஏதோ ஒரு குளக்கரையில், வேறொரு பிள்ளையைத் தூக்கினான். கொழுத்த பிள்ளை, கையில் வெள்ளிக் காப்பு. வெயிலுக்குக் கண்ணைச் சுளித்துக்கொண்டு அழுதது.

வடிவம்மாள் எழுந்து போய்விடுவாள் என்று நானும் அவரும் நினைத்தோம். அவள் எழவில்லை. அந்தப் பிள்ளை திரையில் இருந்தவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து வெளியே வந்தபோது இருட்டி, நிலா ஏறியிருந்தது. சுண்டல்காரியைச் சுற்றிக் கூட்டம். தெருக்காரி ஒருத்தி ஓடிவந்து, "உம்பிள்ளையப் பாத்தேன் வடிவு, அப்படியே இருக்கா" என்றாள். வடிவம்மாள் தலையை ஆட்டினாள். பாலத்துக்கு வந்தோம். பாதி தூரத்தில் அவள் நின்றாள்.

"வாத்தியாரய்யா, அந்தக் காய்ச்சல் மதராசுலயும் வந்துச்சாமே?"

"வந்துது. இங்கத்தவிட அதிகம்னு சொன்னாக."

"படத்த எடுத்தது அதுக்கு முன்னாலயா, பெறவா?"

"முன்னாலதான் இருக்கும்."

"அப்பம் அந்தக் காப்புப் போட்ட பிள்ளை உசிரோட இருக்கா?"

எனக்குத் தெரியாது என்றேன். யார் பிள்ளை, எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது.

அவள் குற்றாலலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். சாயங்காலம் வீட்டில் பேசியதற்குப் பிறகு அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தாள்.

"இருக்கும் வடிவு" என்றார் அவர்.

அவருக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். வண்ணார்பேட்டை வரைக்கும் அவள் முன்னாலும், அவர் பின்னாலுமாக நடந்தார்கள். நான் பாலத்து முனையில் நின்று அவர்கள் போவதைப் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டைச் சாலையில் நடந்தேன்.